எட்டக் கோட்டை, கிட்ட மழை

ஆடி மாதம் மதியம் மூன்று மணிவாக்கில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். வானம் காலியாகவே இருக்காது. மேற்கே இருந்து கிழக்கே, பொதி பொதியாக, கூட்டம் கூட்டமாக மேகங்கள் ஓடிக்கொண்டிருக்கும். காற்று ஆளைத் தள்ளும். வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால், 'இன்னும் பத்து நிமிஷத்தில் கொட்டப் போகிறது' என்று குடை தேடுவார்.

உள்ளூர்க்காரர் சிரிப்பார். அது கொட்டாது. ஆனி முழுக்க ஓடும், ஆடி முழுக்க ஓடும், சில வருஷம் ஆவணியிலும் ஓடும். ஒரு பொட்டுத் தண்ணீர் கீழே விழாது. கீழே கரிசல் காடு வெடித்துக் கிடக்கும்.

இவ்வளவுக்கும் 'திருச்சுழி' என்ற பெயரே தண்ணீர் சம்பந்தப்பட்டதுதான். சுழி என்றால் நீர்ச்சுழல். ஒரு பிரளயத்தின்போது பொங்கி வந்த வெள்ளத்தை சிவபெருமான் சூலத்தால் தரையைக் குத்தித் துளை போட்டு உள்ளே இறக்கிவிட்டார், அது சுழித்துக்கொண்டு இறங்கிய இடம் இது என்கிறது தலபுராணம். சுந்தரர் தேவாரம் பாடிய தலம். ஊரை ஒட்டி குண்டாறு போகிறது. 'போகிறது' என்பதை மழை பெய்த நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் அது மணல் பாதை.

பேரில் பிரளயம், ஆற்றில் மணல், தலைக்கு மேலே பெய்யாத மேகம். இப்படிப்பட்ட ஊரில் பிழைக்கிறவனுக்கு, எந்த மேகம் பெய்யும், எது ஏய்க்கும் என்று தெரிந்தே ஆகவேண்டும். இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. விதைச் சோளம் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆனால், மேகங்களுக்குப் பெயர் வைத்து, வகை பிரித்து, உலகம் முழுக்க ஒப்புக்கொள்ள வைத்த பெருமை ஒரு லண்டன் மருந்து வியாபாரிக்குப் போனது. அந்தக் கதையை முதலில் பார்த்துவிடலாம்.

* * *

லூக் ஹோவர்ட். பிறந்தது 1772-ல். படிப்பு என்று பார்த்தால் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணவைத்த லத்தீன்தான் மிச்சம். தொழில், மருந்து தயாரிப்பது. பின்னாளில் இந்தக் குடும்பத்தின் கம்பெனி கொயினா மருந்துக்குப் பேர் போனது. இவருடைய மகன் ஜான் எலியட் ஹோவர்ட், நம் நீலகிரியில் வளர்ந்த சின்கோனா மரப்பட்டைகளைப் பரிசோதித்துப் புத்தகமே போட்டவர்.

அப்பாவுக்கோ சின்ன வயசிலிருந்து வானத்தின் மேல் ஒரு கண். காரணம் இருந்தது. அவருக்குப் பத்து வயது நடக்கும்போது, 1783-ல், ஐஸ்லாந்திலும் ஜப்பானிலும் எரிமலைகள் வெடித்தன. ஐரோப்பாவின் வானம் மாதக்கணக்கில் புகையும் மங்கலுமாகக் கிடந்தது. ஒரு பையன் வானத்தை விட்டுக் கண்ணெடுக்க முடியாத வருஷம் அது.

லண்டனில் அப்போது 'ஆஸ்கேசியன் சங்கம்' என்று ஒரு சின்னக் குழு. விஞ்ஞானத்தில் ஆசையுள்ள இளைஞர்கள் கூடிப் பேசுவார்கள். அங்கே ஒரு கறார் விதி உண்டு. முறை வரும்போது ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை படிக்கவேண்டும். படிக்காவிட்டால் அபராதம்! 1802 டிசம்பரில் ஹோவர்டின் முறை வந்தது. முப்பது வயசு மனுஷர் எழுந்து நின்று, மேகங்களின் மாறுதல்கள் பற்றி ஒரு கட்டுரை படித்தார்.

அதுவரைக்கும் படித்தவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? மேகத்தை வகைப்படுத்தவே முடியாது என்று. செடியை வகைப்படுத்தலாம், அது நிற்கிறது. மிருகத்தை வகைப்படுத்தலாம், பிடித்துக் கட்டிவைக்கலாம். மேகம்? நீங்கள் பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் ஆள் மாறிவிடுகிறதே!

ஹோவர்ட் சொன்ன பதில் எளிமையானது. மேகம் மாறுகிறது, சரி. ஆனால், இஷ்டத்துக்கு மாறவில்லை. அடிப்படை உருவம் மூன்றுதான். முடிக் கற்றை மாதிரி இழை இழையாக ஒன்று: சிர்ரஸ். குவியலாக ஒன்று: குமுலஸ். விரித்த படுக்கை மாதிரி ஒன்று: ஸ்ட்ராடஸ். ஒன்று இன்னொன்றாகிறபோது, அல்லது இரண்டு கலக்கிறபோது பெயர்களையும் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். எல்லாம் சேர்ந்து மழையாக இறங்குகிற மேகத்துக்கு நிம்பஸ் என்று பேர். மொத்தம் ஏழு வகை. (இந்த ஏழை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேலை இருக்கிறது.)

இதில் ஒரு வேடிக்கை. அதே 1802-ல் பிரான்ஸில் லாமார்க் என்ற பெரிய விஞ்ஞானியும் மேகங்களை வகை பிரித்தார். ஆனால், பெயர்களை பிரெஞ்சில் வைத்தார். பிரான்ஸைத் தாண்டி யாரும் கண்டுகொள்ளவில்லை. ஹோவர்ட் லத்தீனில் வைத்தார். எந்த நாட்டுக்காரனுக்கும் சொந்தமில்லாத மொழி, அதனால் எல்லோருக்கும் சம்மதமான மொழி. பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட லத்தீன் வட்டியோடு திரும்பி வந்தது!

ஜெர்மன் மகாகவி கதே ஹோவர்டைப் புகழ்ந்து கவிதையே எழுதினார். உங்கள் வாழ்க்கை வரலாற்றை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டும் விட்டார். ஹோவர்ட் நம்பவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்றே முதலில் நினைத்தார்.

* * *

ஆனால், பெரிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. லண்டன் வானத்தில் பார்த்து வைத்த பெயர்கள் உலகம் முழுக்கச் செல்லுபடியாகுமா? வேப்பமரம் லண்டனில் கிடையாது, ஓக் மரம் அருப்புக்கோட்டையில் கிடையாது. மேகம் மட்டும் எல்லா ஊரிலும் ஒரே ஜாதியாக இருக்குமா என்ன?

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு ஆசாமி கிளம்பினார். ரால்ஃப் அபர்கிராம்பி. உடம்பு அவ்வளவு சுகமில்லாதவர். இருந்தும் 1880-களில் இரண்டு தடவை உலகத்தைச் சுற்றினார். போன இடமெல்லாம் மேகத்தைப் போட்டோ எடுத்தார். முடிவு: பூமத்திய ரேகையானாலும் சரி, துருவத்துப் பக்கமானாலும் சரி, மேகங்களின் உருவம் ஒன்றேதான்!

அந்த அஸ்திவாரத்தில்தான் 1896-ல் சர்வதேச மேகப் பட அட்லஸ் வெளிவந்தது. ஹோவர்டின் ஏழு, பத்து ஆனது. நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அதைத்தான் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். சுமார் ஆறு கிலோமீட்டருக்கு மேலே பனித்துகளால் ஆன கீற்று மேகம், கீற்றுத்திரள், கீற்றுப்படை. நடுவில் இடைப்பட்ட திரள், இடைப்பட்ட படை. இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே படை, படைத்திரள், திரள். நாள் முழுக்க நசநசவென்று பெய்கிற கார்படை. கீழேயிருந்து பதினைந்து கிலோமீட்டர் உயரம் வரைக்கும்கூட கோபுரமாக நின்று இடி மின்னலோடு கொட்டுகிற கார்திரள். ஆக, பத்து.

ஆடி மாதம் நம் தலைக்கு மேலே ஓடுவது பெரும்பாலும் திரளும் படைத்திரளும். பார்க்கத்தான் பஞ்சு. ஒரு கன கிலோமீட்டர் திரள் மேகத்தில் சுமார் 500 டன் தண்ணீர் மிதக்கிறது என்கிறார்கள். ஐந்நூறு டன்! ஐம்பது தண்ணீர் லாரி தலைக்கு மேலேயே போகிறது, ஒரு குடம் இறக்க வழியில்லை.

* * *

'இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லித்தான் தெரியணுமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் மேகக் கணக்கு இருக்கிறது. ஏழு நாள் விடாமல் பெய்கிற மேகம் மூன்று, தூறலாகப் பெய்கிற மேகம் எண்பது, வெயிலும் மழையுமாக வருகிற மேகம் அறுபது. இப்படி அமைந்தால் அந்த வருஷம் நல்ல வருஷம். எந்தெந்தப் பிரதேசத்துக்கு எவ்வளவு மழை என்று துரோணக் கணக்கில் பட்டியலும் உண்டு. நான் காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. மழையை அளக்க ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரம் வைக்கச் சொல்கிறாரே, எங்கே வைக்கச் சொல்கிறார்? ஜோசியர் வீட்டில் இல்லை. கோயிலிலும் இல்லை. அரசாங்கத் தானியக் கிடங்கில்! மழை என்பது வரவு. அதைச் சரக்குக் கணக்கோடு சேர்த்து எழுது என்கிறார்.

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் வந்தார். மார்கழியில் மேகங்கள் கரு தரிக்கின்றன, 195-ம் நாள் பிரசவம், அதுதான் மழை என்றார். நம் ஊர்ப் பஞ்சாங்கத்தில் இன்றைக்கும் வருகிற 'கர்ப்போட்டம்' இதன் உறவுக்காரன். சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கிற மார்கழி நாட்களில் மேகம் ஓடினால் அடுத்த வருஷம் மழை உண்டு என்பார்கள். இதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை. அது போகட்டும், கணக்கையாவது போட்டுப் பாருங்கள். மார்கழியோடு 195 நாளைக் கூட்டினால் ஆனி, ஆடியில் வந்து நிற்கும். வடக்கே அது மழைக்காலம். அருப்புக்கோட்டைக்கு? மேகம் சும்மா ஓடுகிற காலம்! நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். வடக்கத்திச் சூத்திரத்தை அப்படியே கொண்டுவந்து கரிசலில் நட்டால் முளைக்காது.

பஞ்சாங்கத்தில் மேகங்களுக்குப் பெயரும் உண்டு. பழைய கணக்கில் அவையும் ஏழு. சம்வர்த்தம், ஆவர்த்தம், புட்கலாவர்த்தம், சங்காரித்தம், துரோணம், காளமுகி, நீலவருணம். ஹோவர்டுக்கும் ஏழு, நமக்கும் ஏழு என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு விஷயம். இந்த ஏழும் எதைப் பொழியும் என்று பாருங்கள். முறையே மணி, நீர், பொன், பூ, மண், கல், தீ. ஏழில் ஒன்றே ஒன்றுதான் தண்ணீர் தருகிறது! எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, கரிசல்காட்டு அனுபவம் அவருக்கும் இருந்திருக்கும் போலிருக்கிறது.

என்னைக் கேட்டால், புராணப் பெயர்களைவிட அழகு, தமிழில் புழங்கிய பெயர்கள்தான். திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று வந்த நிகண்டுகளில் மேகத்துக்கென்றே பட்டியல் இருக்கிறது. கொண்டல், கொண்மூ: நீரைக் கொண்டது. எழிலி: எழுந்து வருவது. கார்: கறுத்தது. பழந்தமிழில் 'மழை' என்ற சொல்லுக்கே மேகம் என்றும் அர்த்தம் உண்டு. கொண்டல் என்பது கிழக்கேயிருந்து வருகிற காற்றுக்கும் பெயர். கிழக்கே கடல். அங்கிருந்து நீரைக் கொண்டு வருகிறது.

வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? ஹோவர்ட், மேகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தார். நம் ஆட்கள், அது எங்கேயிருந்து வருகிறது, எதைக் கொண்டு வருகிறது, என்ன செய்யப் போகிறது என்று பார்த்து வைத்தார்கள். அவரவர் தேவை அப்படி.

* * *

இனி கொஞ்சம் கசப்பான பகுதி.

ஹோவர்ட் செத்துப்போனது 1864-ல். அதே வருஷம் அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 1866-லும் 1871-லும் பருவமழை பொய்த்தது. அதன் பிறகுதான் வெள்ளைக்கார அரசாங்கம் விழித்துக்கொண்டு, 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறையைத் தொடங்கியது. தலைமைப் பொறுப்பில் ஹென்றி பிளான்ஃபோர்ட்.

சென்னை அதற்கும் சீனியர். நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே கும்பினியார் வானாய்வுக்கூடம் கட்டிவிட்டார்கள். 1796-ல் வானிலைக் குறிப்பு எழுத ஆரம்பித்தாயிற்று. 1813-லிருந்து மழைக் கணக்கு வரிசையாக இருக்கிறது. அதாவது கருவி இருந்தது, கணக்கு இருந்தது, ஹோவர்ட் கொடுத்த பெயர்கள் இருந்தன, 1875-ல் துறையும் வந்துவிட்டது.

அடுத்த வருஷமே வந்தது தாது வருஷப் பஞ்சம்.

1876-ல் சென்னை மாகாணத்தில் இரண்டு பருவமழையும் ஏமாற்றின. 1878 வரை நீண்டது. இந்தியா முழுவதும் சுமார் 55 லட்சம் பேர் இறந்ததாகப் பரவலாகச் சொல்கிறார்கள். அதற்கும் மேல் என்று கணக்கிடுகிறவர்களும் உண்டு. அப்போது மதுரை ஜில்லாவில் ராமநாதபுரம் ஜமீன் சீமையாக இருந்த இந்த வறண்ட பூமியிலிருந்து, கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். இதே விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பு பக்கத்து அர்ச்சுனாபுரத்தில், பஞ்சத்தில் தன் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காளுக்குக் கோயிலே இருக்கிறது. பஞ்சத்தைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிற அளவுக்கு அது இந்த மண்ணின் ஞாபகத்தில் ஊறியிருக்கிறது.

அந்த நேரம் ஆட்சியாளர்கள் என்ன செய்தார்கள்? 1877 ஜனவரி முதல் தேதி, வைசிராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தினார். விக்டோரியா மகாராணி, இந்தியப் பேரரசி ஆனதற்கு ஒரு வார விருந்து. தெற்கே நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மண் சுமக்கிறவனுக்கு! துறைமுகங்களில் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. சந்தை விலையில் கை வைக்கக் கூடாது என்பது அரசாங்கத்தின் கொள்கை.

வானத்தைப் பார்க்கிற ஆராய்ச்சி மட்டும் மும்முரமாக நடந்தது. வில்லியம் ஹன்டர் என்ற பெரிய அதிகாரி 1877-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சென்னையின் 64 வருஷ மழைக் கணக்கை வைத்துக்கொண்டு, சூரியனில் தோன்றுகிற கரும்புள்ளிகள் 11 வருஷத்துக்கு ஒரு தரம் குறைகின்றன, அப்போது தெற்கே மழை குறைகிறது, பஞ்சம் வருகிறது என்றார். பிற்பாடு வந்த ஆராய்ச்சிகளில் இந்தக் கணக்கு நிற்கவில்லை. ஆனால், அன்றைக்கு அது எவ்வளவு சௌகரியமான கணக்கு என்று யோசித்துப் பாருங்கள். குற்றவாளி சூரியன்! பிடித்து விசாரிக்கவா முடியும்?

மழை பொய்த்தது உண்மை. அதற்குக் காரணம் பசிபிக் கடலில் உண்டான மிகப் பலமான எல் நினோ என்று இன்றைக்குத் தெரியும். அந்த முடிச்சை அவிழ்ப்பதில் பெரும்பங்கு, 1904-லிருந்து இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கருக்கு. ஆனால், மழை பொய்த்தால் பயிர்தான் சாகும். மனுஷன் சாவது கிடங்கு பூட்டியிருப்பதால். மழைப் பாத்திரத்தைக் கௌடில்யர் தானியக் கிடங்கில் வைக்கச் சொன்னதன் அர்த்தம் இங்கேதான் புரிகிறது. 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை, அதைத் தொடர்ந்து பஞ்ச நிவாரண விதிகள், 1886 ஜூனிலிருந்து வருஷாவருஷம் பருவமழை முன்னறிவிப்பு என்று எல்லாம் வந்தது, பிணங்களை எண்ணி முடித்த பிறகு.

அந்தப் பஞ்சம் ஓய்ந்த அடுத்த வருஷம், 1879 டிசம்பர் 30-ம் தேதி, திருச்சுழியில் ஒரு வக்கீல் வீட்டில் பிறந்த குழந்தைதான் ரமண மகரிஷி. அவர் பிறந்தபோது அந்த ஊர் எப்படிப்பட்ட மூன்று வருஷங்களைத் தாண்டி வந்திருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

* * *

சரி, ஆடி மேகம் ஏன் ஏமாற்றுகிறது?

அரபிக்கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து கேரளப் பக்கம் கொட்டிவிடுகிறது. மலை தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காற்று சூடாகிறது. சூடான காற்று ஈரத்தை விடாது. அதையும் மீறி உண்டாகிற மேகங்கள் தட்டையானவை. மேலே எழும்பி வளர வழியில்லை. உள்ளே இருக்கிற துளிகள் மழைத்துளியாகிற அளவுக்குப் பருப்பதில்லை. தப்பித்தவறி நாலு துளி விழுந்தாலும் வறண்ட காற்றிலேயே உலர்ந்துவிடும்.

சித்திரையில் கதை வேறு. தரை கொதித்து, காற்று மேலே பாய்ந்து, சாயங்காலம் கார்திரள் கோபுரம் எழும்பும். ஒரு ஊரில் கண்மாய் நிரம்பும், அடுத்த ஊரில் புழுதி பறக்கும். ஐப்பசியில்தான் கிழக்கேயிருந்து கொண்டல் வரும். விருதுநகர் மாவட்டத்தின் வருஷ மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது.

ஆக, அபர்கிராம்பி சொன்னது பாதி உண்மை. உருவம் உலகம் முழுக்க ஒன்றுதான். அதன் அர்த்தம் ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். மலைக்கு அந்தப் பக்கம் ஆனியில் மேகம் திரண்டால் குடை எடு. இந்தப் பக்கம் திரண்டால் வேலையைப் பார். இந்த இரண்டாவது பாதியை எந்த அட்லஸும் எழுதிவைக்கவில்லை. ஊர்ச் சனங்கள் வாயில் வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு உதாரணம். நிலாவைச் சுற்றி வட்டம் விழுந்தால் 'கோட்டை கட்டியிருக்கு' என்பார்கள் கிராமத்தில். 'எட்டக் கோட்டை கட்டினால் கிட்ட மழை, கிட்டக் கோட்டை கட்டினால் எட்ட மழை' என்று ஒரு சொலவடை. வார்த்தை விளையாட்டு மாதிரி இருக்கிறதா? இல்லை. இதில் இரண்டு வேறு வேறு மேகங்கள் இருக்கின்றன!

எட்டக் கோட்டை என்பது பெரிய வளையம். கையை முழுசாக நீட்டி, சாண் விரித்து, கட்டைவிரலை நிலாவில் வைத்தால் சுண்டுவிரல் அந்த வளையத்தைத் தொடும். கணக்குப்படி 22 டிகிரி. பனித்துகளால் ஆன கீற்றுப்படை மேகத்தில்தான் இது தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த மாதிரி மேகம் வந்தால், வங்கக்கடலில் எங்கேயோ ஒரு தாழ்வு மண்டலத்தின் உச்சி விரிந்து நம் தலைக்கு மேலே வந்திருக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். மழை கிட்டத்தான்.

கிட்டக் கோட்டை என்பது நிலாவை ஒட்டினாற்போல் விழுகிற சின்ன ஒளிவட்டம். இது நீர்த்துளிகளால் ஆன மெல்லிய இடைப்பட்ட திரள் மேகத்தில் வருவது. இந்த மேகம் பெரும்பாலும் பெய்யாமல் கலைந்துபோகும். மழை எட்டப் போய்விட்டது.

பனித்துகளா, நீர்த்துளியா என்பதைத் தரையில் நின்றுகொண்டு, கருவி இல்லாமல், வட்டத்தின் அகலத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்! எப்போதும் பலிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பிரித்துப் பார்த்த கண்ணைச் சொல்கிறேன்.

* * *

அந்தக் கண் ஏன் அவ்வளவு கூர்மையாக இருந்தது என்றால், தப்பினால் நஷ்டம்.

மானாவாரி சம்சாரிக்கு மூலதனமே விதைதான். புரட்டாசியில் ஒரு மேகம் வந்து லேசாக நனைத்துவிட்டுப் போகிறது. நம்பி விதைத்தால் முளைக்கும். அடுத்த மழை மூன்று வாரம் வராது. முளைத்ததெல்லாம் கருகும். மறுபடி விதைக்கக் கடன் வாங்கவேண்டும். வானிலைத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டர் பெய்தால் அது 'மழை நாள்'. சம்சாரி கணக்கில் அது மழையே இல்லை. அவருக்கு வேண்டியது 'ஒரு உழவு மழை'.

இதற்கு விவசாய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழி பிரமாதமானது. பக்கத்திலேயே கோவில்பட்டியில் 1901-லிருந்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அருப்புக்கோட்டைக்கு அருகே கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உண்டு. மானாவாரிச் சோளத்துக்கு அவர்கள் சொல்கிற யோசனை: விதையை முதலில் ஊறவைத்து, உலர்த்தி, கடினப்படுத்திக்கொள். பருவமழைக்கு முன்னாலேயே புழுதியில் விதை. ஆனால், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போடு. ஏன் ஐந்து? நாலு தூறல் போட்டால் ஈரம் அங்கே எட்டாது. இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர் நின்று பெய்தால்தான் விதைக்குச் செய்தி போகும். அதாவது, இது ஏய்க்கிற மேகமா, பெய்கிற மேகமா என்று தீர்மானிக்கிற பொறுப்பை விதையிடமே கொடுத்துவிடுவது!

புழுதி விதைப்பு இந்த ஜனங்களுக்குப் புதிது இல்லை. அவர்கள் பழக்கத்தை அளந்து பார்த்து, ஆழத்துக்கு ஒரு நம்பர் கொடுத்தது விஞ்ஞானம். இரண்டும் கைகோத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்றைக்கு மேலேயிருந்து இன்சாட் பார்க்கிறது. கீழேயிருந்து ராடார் பார்க்கிறது. 150 வருஷத்தை முடித்த வானிலைத் துறைக்காக 2025 ஜனவரியில் 'மிஷன் மௌசம்' தொடங்கி, புனேயில் மேகத்தையே அறைக்குள் உண்டாக்கி ஆராய ஏற்பாடு செய்கிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். இருந்தும், வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கு மேகம், எந்த வகை என்று கண்ணால் பார்த்து எழுதுகிற வழக்கம் வானிலை நிலையங்களில் உலகம் முழுக்க வேரோடியது. அதற்கு ஆதாரப் புத்தகம் அதே அட்லஸ். அதன் 2017 பதிப்பில் 'ஆஸ்பெரிடாஸ்' என்று, கடல் அலையைக் கவிழ்த்து வைத்த மாதிரியான ஒரு புது மேக வடிவம் சேர்ந்தது. சேர்க்கவைத்தவர்கள் பெரிய விஞ்ஞானிகள் இல்லை. 2005-ல் இங்கிலாந்தில் தொடங்கிய மேக ரசிகர் சங்கத்து ஆட்கள். பல ஊர்களிலிருந்தும் போட்டோ அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அட்லஸ் இறங்கி வந்தது.

சாதாரண ஜனங்கள் பார்த்ததைத் தேதியோடு சொன்னால் விஞ்ஞானம் காது கொடுக்கும் என்பதுதான் இதிலுள்ள சேதி. நம் கரிசலில் மேகம் பார்க்கத் தெரிந்தவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். எழுதிவைக்காத கணக்கு அது. ஆள் போனால் கணக்கும் போயிற்று.

உங்களுக்கு அந்தப் பக்கம் தாத்தாவோ, பெரியப்பாவோ, அப்பத்தாவோ இருந்தால், அடுத்த தடவை போன் பேசும்போது 'மழை பெஞ்சுதா?' என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். எந்தத் திசையிலிருந்து வந்தது, மேகம் என்ன நிறம், முந்தின ராத்திரி கோட்டை கட்டியிருந்ததா, கிட்டவா எட்டவா, ஈரம் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பலித்ததையும் எழுதுங்கள், பலிக்காததையும் எழுதுங்கள்.

தேதி போட மறக்காதீர்கள். தேதி இல்லாத வவுச்சரை எந்த ஆடிட்டரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்.